பத்தாம் நம்பர் செருப்பு

அணைக்கட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு எழிலரசி எழுதுவது.

நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்டால் "நான் இங்கு நலம்" என்றுதான் பதில் வரும். இத்தனை வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் அதே வரியைப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. நான் எப்படி இருக்கிறேன் என்றால், இடது முட்டி வலிக்கிறது, மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும், உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். மற்றபடி சௌக்கியம்தான். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை மட்டும்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஜெயிலில் மனு போட்டு உங்களைப் பார்த்துவிட்டு வந்தேனே, அன்றைக்கு பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்த சிரிப்பைப் பார்த்துப் பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். அணைக்கட்டில் இறங்கும்போது அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள்! டாக்டர்கள் கமிட்டி வருகிறது என்று தெரிந்ததும் உங்களோடு உள்ளே இருக்கும் முனீர் அகமது பாயிடம் மை வாங்கி மீசைக்கு அடித்துக்கொண்டீர்களாம். சட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்து மடிப்பு விழச் செய்து போட்டுக்கொண்டீர்களாம். உள்ளே ஷூ தைக்கிற இடத்தில் நீங்களே தைத்த கறுப்பு ஷூவுக்குள் காலைத் திணித்து, கயிறு இறுக்கி, பரேடுக்குப் போகிற போலீஸ்காரர் போல நின்றீர்களாம். "குறை ஏதாவது இருக்கா?" என்று பெரிய டாக்டர் கேட்டதற்கு, "ஒரு குறையும் இல்லைங்க ஐயா" என்றீர்களாம். நடக்க முடியுமா என்று கேட்டதற்கு வராந்தாவின் கோடி வரைக்கும் விறுவிறுவென்று போய்த் திரும்பி வந்து காட்டினீர்களாம்.

மாமா, அது நன்னடத்தை பார்க்கிற கமிட்டி இல்லை. இவன் ஒழுங்காக இருக்கிறானா, வெளியே விட்டால் உழைத்துப் பிழைப்பானா என்று பார்க்க அவ்வப்போது வருகிறார்களே, அவர்கள் முன்னால்தான் மழுமழுவென்று சவரம் செய்து நிமிர்ந்து நிற்க வேண்டும். உள்ளே எல்லோரும் அதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இவர்கள் வந்தது வேறு காரியத்துக்கு. வியாதி முற்றியவரைக் கருணை காட்டி வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க வந்தவர்கள். அவர்கள் முன்னால் போய் மாப்பிள்ளை மாதிரி நின்றால் என்ன எழுதுவார்கள்? "தன் வேலையைத் தானே செய்துகொள்கிறார், இங்கேயே வைத்தியம் பார்க்கலாம்" என்று எழுதிவிட்டார்களாம். வியாழக்கிழமை இலவச சட்ட உதவி வக்கீல் அம்மா போனில் சொன்னார். டாக்டர்கள் மேல் நான் வருத்தப்படமாட்டேன். பரிசோதனைச் சீட்டில் இதயம் கெட்டுவிட்டது என்று இருக்கிறது, எதிரே வேறொன்று நிற்கிறது. அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

கமிட்டி வந்துபோன மறுநாள் நீங்கள் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்ததை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. அதை நசீமுன்னிசா சொன்னாள். முனீர் பாயைப் பார்க்க அவள் வருகிற நாளும் நான் வருகிற நாளும் ஒன்றாகவே அமைந்து, வரிசையில் நின்று நின்றே எங்களுக்குள் பழக்கம் ஆனதுதான் உங்களுக்குத் தெரியுமே. "எழிலு, உங்க ஊட்டுக்காரரு படுத்தா மூச்சு முட்டுதாம். சுவத்துல சாஞ்சி உக்காந்துக்கினேதான் தூங்குறாராம். எங்க ஊட்டுக்காரரு பாத்துட்டு ரொம்ப பேஜாராய்ட்டாரு. நீ இன்னா இன்னும் ஒண்ணுமே தெரியாதவ மாதிரி கீற?" என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்றுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நீங்கள் பத்தாம் நம்பர் செருப்பு கேட்டீர்களே, அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்திலிருந்து உங்கள் கால் எட்டாம் நம்பர். ஐம்பதைத் தாண்டிய மனுஷனுக்குக் கால் எங்கேயாவது வளருமா? ஆம்பூர் கம்பெனியில் இத்தனை காலம் ஷூ தைத்தவளிடமே, "உள்ள எல்லாரும் லூசாத்தான் போடுறாங்க, அதான் இப்ப பேஷன்" என்று சொன்னீர்கள். கடையில் அந்தச் செருப்பைக் கையில் எடுத்து, அதை நிரப்புகிற அளவுக்கு உங்கள் பாதம் எப்படி வீங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கடைக்காரர் வேறு, "உங்க ஊட்டுல ஆளு நல்ல ஒசரமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

போகட்டும். வக்கீல் அம்மா மறுபடியும் மனு எழுதுகிறார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா, ஊரில் ஆட்சேபணை உண்டா என்று விசாரிக்க ஒரு அதிகாரி வருவாராம். அதன்பிறகு டாக்டர்கள் இன்னொரு தடவை உங்களைப் பார்ப்பார்களாம். அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். பதில் எழுதும்போது முதல் வரியில் நலம் என்று எழுதினால் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள். தண்ணீரை அளவாகக் குடியுங்கள். முனீர் பாய்க்கு என் சலாம் சொல்லுங்கள், அந்த மையைத் தூக்கிப் போடவும் சொல்லுங்கள்.

உங்கள் மேல் கோபம் குறையாத,
எழிலரசி.


அணைக்கட்டு,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. "நான் இங்கு ஓரளவு நலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரளவு என்று ஒரு சொல் சேர்ந்ததே பெரிய விஷயம் என்று எடுத்துக்கொண்டு, திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். எனக்கு முட்டி வலி கம்மியாகிவிட்டது. கண்ணாடியும் மாற்றிவிட்டேன். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, வீட்டு மூலையில் இருந்த ஒட்டடை உட்பட.

விசாரணை அதிகாரி வந்துவிட்டுப் போனார். பெயர் நவநீதன். நம் பெண் பூர்ணிமாவைவிட இரண்டொரு வயதுதான் கூட இருக்கும். பைக்கில் நனைந்துகொண்டே வந்தவருக்குத் துண்டு கொடுத்து, டீ போட்டுக் கொடுத்தேன். டீயைத் தொடவில்லை, துண்டை மட்டும் வாங்கிக்கொண்டார். கறாரான பிள்ளைதான். உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள், நான் வேலைக்குப் போனால் பக்கத்தில் யார் இருப்பார்கள், மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கம்பெனி வேனில் போவதை நிறுத்திவிட்டேன், இனிமேல் அப்பர், அதுதான் ஷூவின் மேல்பாகம், அதை வீட்டுக்கே வாங்கிவந்து கைத்தையல் போட்டுக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். அது உங்களுக்கும் புதுச் செய்திதான். திட்டாதீர்கள். நான் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தையல் கோணலாக இருந்தால் சொல்லுங்கள். நீங்களும் அதே வேலை கற்றவர்தானே, நொட்டை சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா.

கட்டிலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் அடுக்கி உயர்த்தியிருக்கிறேன். சாய்ந்து தூங்கினால் உங்களுக்கு மூச்சு முட்டாது என்று வக்கீல் அம்மா கேட்டுச் சொன்னார். சரியாக இருக்கிறதா என்று ஒரு மத்தியானம் நானே படுத்துப் பார்த்தேன். கண் அசந்து எழுந்து பார்த்தால் வழுக்கி வழுக்கிக் கால்மாட்டுக்கே வந்திருந்தேன். அதனால் கால்மாட்டில் ஒரு தலையணையை அண்டக் கொடுத்திருக்கிறேன். இதை நவநீதனிடம் சொன்னபோதுதான் அந்தப் பிள்ளை முதல்முறையாகச் சிரித்தது. அதன்பிறகு டீயையும் குடித்தது.

சமையலும் சோதனை ஓட்டத்தில் இருக்கிறது. உப்பு கூடாதாமே. எலுமிச்சம்பழமும் பூண்டும் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் உப்பில்லாதது அவ்வளவாகத் தெரியவில்லை. உப்பில்லாமல் கேழ்வரகுக் களி கிண்டி, உப்பில்லாத கீரையைத் தொட்டுக்கொண்டு நான் மட்டும் சாப்பிட்டுப் பழகுகிறேன். ஜெயிலுக்குப் போனவன் களி தின்பான் என்று ஊரில் இன்னமும் கேலி பேசுகிறார்கள். உங்களுக்கு அங்கே சோறும் சாம்பாரும் போட்டார்கள், வெளியே வந்துதான் களி தின்னப்போகிறீர்கள். சிரியுங்கள்.

இனி எழுதப்போவது சிரிப்பு இல்லை. புறப்படும்போது நவநீதன், "தாயாரம்மாள் வீடு எதுங்க?" என்று கேட்டார். இறந்தவருடைய குடும்பத்தையும் கேட்டுத்தான் எழுத வேண்டுமாம். கையை நீட்டித் தெருவைக் காட்டினேன், கூடப் போகவில்லை. அன்றைக்கு வாய்க்கால் மடைச் சண்டையில் நீங்கள் ஓங்கிய மண்வெட்டிக் காம்பு உங்கள் பங்காளி ராஜவேலு தலையில் விழுந்து, அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போனாரே, அதிலிருந்து தாயாரம்மா அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நானும் பேசப் போனதில்லை. என்னவென்று பேசுவேன்? ஒரே ஊரில் ஒரே ரேஷன் கடையில் பதினாலு வருடமாக அவள் வந்தால் நான் நகர்ந்து நிற்பேன், நான் வந்தால் அவள் நகர்ந்து நிற்பாள். அவள் ஒரு வார்த்தை முடியாது என்று சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடுமே என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு நாக்கு கிடையாது.

நவநீதன் அந்த வீட்டிலிருந்து நேராகப் போய்விட்டார். அவள் என்ன சொன்னாள் என்று தெரியாமல் தவித்தேன். தைத்த தையலையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ரேஷன் கடையில் வழக்கம்போல நகர்ந்து நின்றேன். அக்கா நகரவில்லை. பக்கத்தில் வந்து, பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆபீசருகிட்ட ஆட்சேபணை இல்லன்னு எய்தி குடுத்துட்டேன். அவரு மேல இரக்கப்பட்டுன்னு நெனச்சிக்காத. எனக்கு அந்த இரக்கம் வரல, வரவும் வராது. சாவப்போற மனுஷன உள்ள வெச்சிக்கினு எனக்கு இன்னா ஆவப்போவுது? நீயாச்சும் ஒரு வாய் தண்ணி குடுத்து அனுப்பு. என் ஊட்டுக்காரருக்கு நான் அதுகூட குடுக்கல" என்றாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆனா ஒண்ணு. எங்க தெருவுல அவரு நடந்து போவக் கூடாது" என்றாள். நான் சரி அக்கா என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேனா, அவளுக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் வீட்டுக்கு அந்தத் தெருதான் நேர் வழி என்று உங்களுக்குத் தெரியும். அதை விட்டால் ஏரிக்கரையைச் சுற்றி வர வேண்டும். ஆட்டோக்காரரிடம் கேட்டேன். கரை காய்ந்திருந்தால் வண்டி வரும் என்றார். கரைமேல் சுற்றி வருவது நல்லதுதான், ஏரியில் இந்த வருடம் தண்ணீர் நிறைய நிற்கிறது, பார்த்துக்கொண்டே வரலாம்.

பூர்ணிமா குடியாத்தத்திலிருந்து இரண்டு லுங்கி கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவள் மாமனார் வீட்டுத் தறியில் நெய்தது. புதுசு உடம்பில் உறுத்தும் என்று துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் அந்த "நலம்" என்பதையும் எடுத்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
எழிலரசி.


அணைக்கட்டு,
சனிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

வரும் வியாழக்கிழமை டாக்டர்கள் மறுபடியும் உங்களைப் பார்க்கிறார்கள் என்று வக்கீல் அம்மா சொன்னார். இந்தக் கடிதம் அதற்குள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். முதலில் பிரித்துப் படிக்கும் ஐயா, நான் இவரைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. இவர் சொல்கிற பொய்யை நிறுத்தச் சொல்கிறேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தைத் தாமதம் செய்யாமல் கொடுத்துவிடுங்கள்.

மாமா, வியாழக்கிழமை மீசைக்கு மை வேண்டாம். நரைத்தது நரைத்தபடியே இருக்கட்டும், எனக்கும்தான் நரைத்துவிட்டது. அந்த ஷூவைப் போடாதீர்கள். பத்தாம் நம்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். நாற்காலி கொடுத்தால் உட்காருங்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கி உட்காருங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை. பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டுங்கள். அழுத்தின இடம் குழியாக அப்படியே நிற்கிறதாமே, அதையும் நசீமுன்னிசாதான் சொன்னாள். உட்கார்ந்தே தூங்குவதைச் சொல்லுங்கள். குளிக்கப் போக முனீர் பாய் தோளைப் பிடித்துக்கொள்வதைச் சொல்லுங்கள். குறை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நீங்கள் ஏன் அப்படி நின்றீர்கள் என்று இந்த நாட்களில் நிறைய யோசித்தேன். கமிட்டி எது என்று தெரியாமல் குழம்பியது பாதிதான். மீதி என்னவென்று எனக்குத் தெரியும். "நடந்து போன மாதிரியே நடந்து வருவேன், உனக்கு பாரமா வரமாட்டேன்" என்று பார்க்க வரும்போதெல்லாம் சொல்வீர்கள். நீங்கள் நடந்து வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று நான் எப்போதாவது சொன்னேனா? பாரம் என்று நீங்களாக நினைத்துக்கொண்டால் எப்படி? ஆள் இல்லாத வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைப்பதுதான் மாமா எனக்குப் பாரமாக இருக்கிறது.

எவ்வளவு நாள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வக்கீல் அம்மா சொல்ல வந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏரித் தண்ணீர் வற்றும் வரைக்குமோ, அதற்கு முன்னாலேயோ, எனக்குக் கவலை இல்லை. கவலை இல்லை என்று எழுதுவது பொய். கவலை இருக்கிறது. ஆனால் அந்தக் கவலையை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பட வேண்டும், இங்கே தனியாக உட்கார்ந்து படக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இன்னொரு சேதி. மழை பிடித்துக்கொண்டுவிட்டது, ஏரிக்கரை முழுக்கச் சேறு. வண்டி போகாது என்று ஆட்டோக்காரர் கையை விரித்துவிட்டார். எப்படி உங்களைக் கொண்டுவருவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, நேற்று தாயாரம்மா அக்கா நம் வீட்டுப் பக்கமாக வந்து, வாசற்படி ஏறாமல் தெருவிலேயே நின்றாள். "நடக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன். ஆட்டோ போனா எனக்கு இன்னா? ரோடு பஞ்சாயத்துது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் வாசலுக்கு வருவதற்குள் பாதித் தெரு தாண்டிவிட்டாள்.

மாமா, அவளுக்கே சொல்ல மனசு வந்துவிட்டது. நீங்கள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லக் கூடாதா? இந்த ஒரே ஒரு தடவை, எனக்காக, குறை சொல்லுங்கள்.

காத்திருக்கும்,
எழிலரசி.


உள்ளிருந்து,
திங்கட்கிழமை.

அன்புள்ள எழிலரசிக்கு மதியழகன் எழுதிக்கொள்வது.

நான் நலமாக இல்லை.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்குக் கை நடுங்குகிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல முனீர் பாய் எழுதுகிறார். அவருக்கு முன்னால் வைத்துச் சொல்வதால் சிலதைச் சொல்லாமல் விடுகிறேன். விட வேண்டாம், நான் காதைப் பொத்திக்கொள்கிறேன் என்கிறார். காதைப் பொத்திக்கொண்டு எப்படி எழுதுவார் என்று தெரியவில்லை.

டாக்டர்கள் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கமிட்டிக்கு முந்தின நாள் உன் கடிதம் கைக்கு வந்தது. கொடுத்த வார்டர் ஐயா, "படிச்சிட்டு அந்தம்மா சொன்ன மாதிரி செய்யிங்க" என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீ சொன்னபடியே செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். நாற்காலி இருந்தது, உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது.

அதே பெரிய டாக்டர். "குறை ஏதாவது இருக்கா?" என்று அதே மாதிரி கேட்டார். வாய் தன்பாட்டுக்கு "ஒரு குறையும்" என்று ஆரம்பித்துவிட்டது எழில். பாதியில் நிறுத்தினேன். குனிந்து பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். நானே அதை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதன்பிறகு சொல்ல ஆரம்பித்தேன். உட்கார்ந்து தூங்குவது, பாதி வழியில் மூச்சுக்கு நிற்பது, சாப்பாட்டு வரிசையில் நிற்க முடியாமல் முனீர் பாய் என் தட்டையும் சேர்த்து வாங்கிவருவது எல்லாம் சொன்னேன். "போன தடவை ஏன் இதெல்லாம் சொல்லல?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். "வீட்டுக்குப் போற ஆளு நல்லா இருக்கணும்னு நெனச்சேங்க ஐயா" என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன் எழில். மறைக்க என்ன இருக்கிறது, தேம்பித் தேம்பி அழுதேன்.

அரசாங்க உத்தரவு இன்று காலை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் விடுகிறார்கள்.

பஸ்ஸில் வந்துவிடுவேன் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். முடியாது. பஸ் படியேற எனக்குத் தெம்பு இல்லை. ஜெயில் வாசலுக்கே ஆட்டோ கொண்டு வா. ஏறும்போது உன் தோள் வேண்டும். இதைக் கேட்கவும் எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், கேட்டுவிட்டேன், அப்படி ஒன்றும் இல்லை.

தாயாரம்மா சொன்னதைப் படித்தேன். அவள் சொன்ன ஒன்றுக்கும் நான் பதில் சொல்லத் தகுதி இல்லாதவன். ஆட்டோ அந்தத் தெருவுக்குள் திரும்பும் முன்னால் இரண்டு பக்கப் படுதாவையும் இறக்கிவிடச் சொல். மழை இல்லாவிட்டாலும் இறக்கிவிடச் சொல். அவள் வாசலில் நின்றாலும் நிற்பாள், என் முகம் அவள் கண்ணில் படக் கூடாது. தெரு தாண்டியதும் தூக்கிவிடலாம். நம் வீட்டு வாசல் வருவதை நான் பார்க்க வேண்டும்.

முனீர் பாய்க்கு இனி பேச்சுத் துணை இல்லை. நசீமுன்னிசா வரும்போதெல்லாம் நீயும் கூட வந்து அவரைப் பார்த்துவிட்டு வா. உப்பில்லாத களியை இவர் இப்போதே கேலி செய்கிறார். தோஸ்த்துக்காக நானும் ஒரு வேளை உப்பில்லாமல் சாப்பிடுகிறேன் என்று நேற்று குழம்பை ஒதுக்கிவைத்தார், பிறகு பசிக்கிறது என்று எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

பூர்ணிமாவுக்கும் அவள் வீட்டாருக்கும் என் ஆசீர்வாதம். பழைய லுங்கியில் ஒன்று கொண்டு வா, புதியதை வீட்டுக்கு வந்து கட்டிக்கொள்கிறேன்.

இதற்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

எழில், வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்ததும், எப்படி இருக்கீங்க மாமா என்று கேள். உள்ளதைச் சொல்கிறேன்.

உன்,
மதியழகன்.